பெயர் ஒன்று, வரையறை இரண்டு

சி மொழியில் ஒரு மாறி அறிவிக்கப்படும் இடமே அதன் பெயர் எதுவரை செல்லும் என்பதை முடிவு செய்கிறது. சுருள் அடைப்புக்குறிக்குள் அறிவித்த மாறி, அந்த அடைப்பு மூடும் இடத்தோடு முடிகிறது. எல்லாச் செயற்கூறுகளுக்கும் வெளியே அறிவித்த மாறி, அந்த வரியிலிருந்து கோப்பின் கடைசி வரை செல்கிறது. பாடநூல் இதை வரையெல்லை என்கிறது. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் ஸ்கோப் என்றே புழங்குகிறது. எல்லைக்கு வெளியே பெயரைச் சொன்னால் 'அறிவிக்கப்படவில்லை' என்று கம்பைலர் நிறுத்திவிடும். ஒரே எல்லைக்குள் ஒரே பெயரில் இரண்டு மாறிகளை உண்டாக்கினால் 'மறுவரையறை' என்று நிறுத்தும். சி படிக்கத் தொடங்கியவர் இரண்டு செய்திகளையும் சில நாட்களிலேயே பார்த்துவிடுவார். அவற்றைத் திரையிலிருந்து விரட்டுவதும் எளிது, ஒரு வரியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ போதும். ஆனால் செய்தியை விரட்டும் திருத்தமும் பிழையைத் தீர்க்கும் திருத்தமும் பல நேரம் வேறுவேறாக இருக்கின்றன.

புனேயின் வடமேற்கே, பவனா ஆற்றங்கரையில் இருக்கும் சிஞ்ச்வட்டில் இந்த வேறுபாடு தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. டாடா மோட்டார்ஸ் டெல்கோவாக இருந்த காலத்தில், 1966இல், தன் புனே ஆலையைத் தொடங்கியது. பிம்ப்ரியிலும் சிஞ்ச்வட்டிலும் அதன் வளாகங்கள் பரந்து கிடக்கின்றன. பக்கத்து ஆகுர்டி பஜாஜ் ஆட்டோவின் ஊர். இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்கூடங்கள் வளர்ந்தன. வாகனம் என்றால் இரும்பும் எண்ணெயும் என்றிருந்த நிலை அண்மையில் மாறியது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்ததும், பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் இருந்த இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பிடித்துக்கொண்டது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கணினி உண்டு. அதற்குள் ஓடும் நிரல் பெரும்பாலும் சி. நிக்டியிலோ ஆகுர்டியிலோ பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர் தட்டுத் தடுமாறி எழுதும் அதே மொழி, சில கிலோமீட்டர் தள்ளி பிரேக்கையும் இன்ஜினையும் இயக்குகிறது.

அடுத்து வரும் எடுத்துக்காட்டுகள் ஒரு கற்பனை வேகமானிக்கானவை. சி மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டியவை. இங்கே ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. மாறிகளின் பெயருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2020இல் வெளியான ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பிலிருந்து மாறியின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். அப்படிச் செய்பவர்கள் அரிது என்பது வேறு விஷயம்.

முதலில் எளிய பிழை. பத்து முறை சென்சாரைப் படித்து, கடைசியில் எத்தனை முறை படித்தது என்று அச்சிட ஒருவர் இப்படி எழுதுகிறார்:

ஃபார் (இன்ட் சுற்று = 0; சுற்று < 10; சுற்று++)
{
    சென்சாரைப்_படி();
}
அச்சிடு(சுற்று);

கடைசி வரியில் 'சுற்று' அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் சொல்லும். மேலே கண்ணெதிரே இருக்கும் பெயரை இல்லை என்கிறதே என்று புதியவர் திகைப்பார். ஃபார் என்ற சொல்லுக்குப் பின் வரும் அடைப்புக்குள் அறிவித்த மாறி அந்தச் சுழற்சிக்கே சொந்தம். சுழற்சி முடிந்தால் பெயரும் முடிந்தது. இப்படி அறிவிக்கும் வசதி 1999ஆம் ஆண்டின் சி தரத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய 1989 தரப்படி, மாறிகளைத் தொகுதியின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். 1987இல் வந்த போர்லண்டின் டர்போ சி, இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் அதன் ஆயுளைத் தாண்டியும் நெடுங்காலம் இருந்ததால், பழைய பழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியது. ஜிசிசியும் 2015இல் வந்த 5ஆம் பதிப்பு வரை, தனியே கேட்டுக்கொண்டால் தவிர, ஃபாருக்குள் அறிவிப்பதை ஏற்கவில்லை. ஆகவே ஒரு புத்தகத்தில் சரியாக ஓடிய நிரல் இன்னொரு கணினியில் நின்றுபோனால் மாணவரின் மேல் மட்டும் குற்றமில்லை.

திருத்தத்துக்கு வருவோம். சுழற்சிக்குப் பிறகும் எண்ணிக்கை தேவை என்றால், 'சுற்று' அறிவிப்பைச் சுழற்சிக்கு முந்தைய வரிக்கு நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் சரியான திருத்தம். நடைமுறையில் இரண்டு தவறான திருத்தங்கள் அதிகம் காணக்கிடைக்கின்றன. ஒன்று, மாறியைக் கோப்பின் உச்சிக்குத் தூக்கி குளோபலாக்கிவிடுவது. செய்தி மறையும், ஆனால் அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வொரு செயற்கூறும் இனி 'சுற்று' மீது கை வைக்கலாம். இன்னொன்று அதைவிட மோசம்: அச்சிடும் வரிக்கு மேலே 'இன்ட் சுற்று;' என்று புதிதாக ஒரு வரி சேர்ப்பது. கம்பைலர் திருப்தியடைந்துவிடும். அச்சாவதோ அந்தப் புதிய மாறி அமர்ந்த நினைவிடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு எண். சில நேரம் அது தற்செயலாகப் பத்தாகவே இருந்து தொலைக்கும். பிழை இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

உள்ளே ஒரு பெயர், வெளியே அதே பெயர் என்று இருந்தால் சி என்ன செய்யும்? இதைச் சிஞ்ச்வட்டிலேயே பார்க்கலாம். கணபதி பக்தரான மோரயா கோசாவியின் சமாதிக் கோயில் இருக்கும் இந்த ஊரில் கணேஷ் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டுக்குள் நின்று 'கணேஷைக் கூப்பிடு' என்றால் அந்த வீட்டுப் பையன்தான் வருவான். வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றால்தான் தெருவில் தேடுவார்கள். கம்பைலரும் இப்படியே உள்ளிருந்து வெளியே தேடுகிறது. முதலில் கிடைத்த பெயரோடு நின்றுவிடுகிறது. வெளியில் இருப்பது அழிந்துவிடவில்லை, மறைந்திருக்கிறது. இது பிழையே அல்ல. சி மொழி அனுமதித்த வழக்கம். ஆகவேதான் ஆபத்து.

இன்ட் வேகம் = 0;

வாய்ட் வேகத்தைப்_படி(வாய்ட்)
{
    இன்ட் வேகம் = சென்சார்_மதிப்பு();
    இஃப் (வேகம் > 120) எச்சரி();
}

எழுதியவர் வெளியே உள்ள 'வேகம்' புதுப்பிக்கப்படும் என்று நினைத்தார். 'இன்ட்' என்ற ஒரு சொல் தவறிப்போய் உள்ளே மறுபடி விழுந்துவிட்டது. அதனால் செயற்கூறுக்குள் ஒரு புது மாறி பிறந்து, சென்சாரின் மதிப்பைப் பெற்று, எச்சரிக்கை தேவையா என்று பார்த்துவிட்டு, அடைப்பு மூடும்போது மறைந்தும் போகிறது. வெளியில் உள்ள 'வேகம்' சுழியமாகவே இருக்கிறது. எச்சரிக்கை ஒலி சரியாக அடிக்கும். முள் மட்டும் அசையாது. இந்த அறிகுறியைப் பார்த்து மின்கம்பியைச் சோதிப்பார்கள், முள்ளின் மோட்டாரைக் கழற்றுவார்கள். நிரலை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆனது. ஜிசிசியில் வழக்கமாகப் போடும் டபிள்யூ-ஆல் என்ற எச்சரிக்கைத் தெரிவில்கூட இது அடங்காது. உள்ளே உள்ள மாறி ஒரு முறையாவது பயன்பட்டுவிட்டதால் 'பயன்படாத மாறி' என்ற எச்சரிக்கையும் வராது. டபிள்யூ-ஷேடோ என்ற தெரிவைத் தனியே சேர்த்தால்தான், இந்த அறிவிப்பு வெளியே உள்ளதை மறைக்கிறது என்று சொல்லும். சி கற்பிக்கும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் இந்தத் தெரிவு முதல் நாளிலிருந்தே போடப்பட்டிருக்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மேற்கண்ட செயற்கூறுக்குள் ஒருவர் 'இன்ட் வேகம் = வேகம் + 5;' என்று எழுதினால், வலப்பக்கம் உள்ள 'வேகம்' வெளியே இருக்கும் குளோபல் மாறி என்று தோன்றும். தோன்றுவது தவறு. சி விதிப்படி ஒரு பெயரின் வரையெல்லை, அந்தப் பெயரை எழுதி முடித்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. சமக்குறிக்கு வலப்பக்கம் போகும்போது புது 'வேகம்' ஏற்கெனவே ஆட்சிக்கு வந்தாயிற்று. ஆக, மதிப்பே ஏற்றப்படாத மாறியோடு 5 கூட்டப்படுகிறது.

இனி மறுவரையறை. ஒரே தொகுதிக்குள் 'இன்ட் வேகம்;' என்று இரண்டு முறை எழுதினால் பிழை உடனே வரும்; எந்த வரியில் முதல் அறிவிப்பு இருக்கிறது என்பதையும் ஜிசிசி கீழே குறிப்பாகக் காட்டும். செய்தியின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடுவது மாணவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். திருத்தத்துக்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது வரி உண்மையில் புது மாறியா, அல்லது பழைய மாறிக்குப் புது மதிப்பு கொடுப்பதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் இரண்டாவதுதான், அங்கே 'இன்ட்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும். பெயருக்குப் பின்னால் 2 சேர்த்து 'வேகம்2' என்று மாற்றுவது செய்தியை விரட்டும், நிரலின் கணக்கை இரண்டாகப் பிளக்கும்.

இந்தப் பிழை எதிர்பாராத இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும். ஒன்று செயற்கூறின் அளபுரு. 'வாய்ட் காட்டு(இன்ட் வேகம்)' என்று தொடங்கிய செயற்கூறுக்குள், முதல் நிலையில் மறுபடி 'இன்ட் வேகம்;' என்று எழுதக் கூடாது; அளபுருவும் செயற்கூறின் வெளித் தொகுதியும் ஒரே எல்லையாகக் கருதப்படுகின்றன. அதற்குள் இன்னொரு சுருள் அடைப்பு போட்டு எழுதினால் அனுமதி உண்டு, பழைய மறைத்தல் ஆபத்தோடு சேர்த்து. இரண்டாவது இடம் ஸ்விட்ச். கேஸ் 1க்குக் கீழே ஒரு 'இன்ட் மீதி', கேஸ் 2க்குக் கீழே இன்னொரு 'இன்ட் மீதி' என்று எழுதுபவர், ஒவ்வொரு கேஸும் தனி அறை என்று நம்புகிறார். உண்மையில் ஸ்விட்சின் சுருள் அடைப்பு முழுவதும் ஒரே அறை. கேஸ் என்பது வெறும் அடையாளச் சீட்டு. ஒவ்வொரு கேஸுக்கும் தனிச் சுருள் அடைப்பு போட்டால் பிழை தீரும். இது உண்மையான தீர்வு, ஏனெனில் எழுதியவர் நினைத்த தனித்தனி அறைகளை இதுவே உண்டாக்குகிறது.

செயற்கூறுகளுக்கு வெளியே நிலைமை கொஞ்சம் விசித்திரம். கோப்பு மட்டத்தில் 'இன்ட் வேகம்;' என்று மதிப்பு தராமல் நான்கு முறை எழுதினாலும் சி ஒன்றும் சொல்லாது. அவை தற்காலிக வரையறைகள். கோப்பு முடியும்போது எல்லாம் சேர்ந்து ஒரே மாறியாகும், மதிப்பு சுழியம். இரண்டு இடத்தில் மதிப்போடு எழுதினால்தான் மறுவரையறை. ஒன்றில் இன்ட், மற்றதில் டபுள் என்று எழுதினால் வகை முரண் என்று தனிப் பிழை வரும். ஒரே கோப்புக்குள் இந்தத் தாராளம் பெரிய தீங்கில்லை. நிரல் பல கோப்புகளாகப் பிரியும்போது கதை மாறுகிறது.

பல கோப்பு நிரலில் கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனியே, மற்றவற்றைப் பார்க்காமல் மொழிபெயர்க்கிறது. பிறகு லிங்கர் என்ற வேறொரு கருவி அவற்றை இணைக்கிறது. இந்த இரண்டு கட்டங்களையும் பிரித்துப் பார்க்காதவருக்கு, 'எல்லாக் கோப்பும் சரியாக கம்பைல் ஆனது, கடைசியில் ஏன் பிழை?' என்ற குழப்பம் தீராது. பலர் சிக்கும் இடம் இது: எல்லாருக்கும் வேண்டும் என்று 'இன்ட் வேகம் = 0;' என்ற வரியை ஹெடர் கோப்பில் போடுகிறார்கள். மூன்று கோப்புகள் அந்த ஹெடரைச் சேர்த்துக்கொள்கின்றன. ஹெடரைச் சேர்ப்பது என்றால் அதன் வரிகளை அப்படியே அங்கே ஒட்டுவதுதான், ஆகவே மூன்று கோப்பிலும் 'வேகம்' பிறக்கிறது. லிங்கர் மூன்றையும் பார்த்து 'பல வரையறைகள்' என்று மறுக்கிறது.

உடனே யாராவது ஒருவர், ஹெடருக்குக் காவல் போடவில்லையா என்று கேட்பார். ஒரே ஹெடர் ஒரே கோப்புக்குள் இரண்டு முறை நுழையாமல் தடுக்கும் அந்த மூன்று வரிக் காவல், ஸ்ட்ரக்ட் போன்ற வகை வரையறைகள் இரட்டிப்பதைத் தடுக்கத் தேவையானது. இங்கே அது உதவாது, காரணம் மூன்று கோப்புகளும் தனித்தனியே மொழிபெயர்க்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஹெடர் முதல் முறையாகத்தான் நுழைகிறது. காவலைச் சரிபார்த்துச் சரிபார்த்தே ஒரு பிற்பகலை இழப்பவர்கள் உண்டு.

சரியான திருத்தம் அறிவிப்பையும் வரையறையையும் பிரிப்பது. அறிவிப்பு என்பது 'இப்படி ஒரு மாறி எங்கோ இருக்கிறது, அதன் வகை இது' என்ற தகவல். எத்தனை முறை சொன்னாலும் கேடில்லை. வரையறை நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஹெடரில் 'எக்ஸ்டர்ன் இன்ட் வேகம்;' என்று அறிவிப்பு மட்டும் இருக்கட்டும். வேகத்தைக் கவனிக்கும் கோப்பு எதுவோ, அதில் மட்டும் 'இன்ட் வேகம் = 0;' என்று வரையறை. அந்தக் கோப்பும் ஹெடரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் இரண்டிலும் வகை ஒத்துப்போகிறதா என்று கம்பைலரால் பார்க்க முடியும். ஹெடரில் 'எக்ஸ்டர்ன் இன்ட் வேகம் = 0;' என்று மதிப்பையும் சேர்த்துவிட்டால் எக்ஸ்டர்ன் என்ற சொல் வீண்; அது மறுபடி வரையறையாகிவிடும். வரையறையையே எழுத மறந்தால் எதிர்ப்பிழை வரும்: 'வரையறுக்கப்படாத குறிப்பு' என்று லிங்கர் சொல்லும்.

இந்த இடத்தில் ஒரு தவறான திருத்தம் மிகவும் கவர்ச்சியானது. ஹெடரில் உள்ள வரியின் முன்னால் 'ஸ்டேட்டிக்' என்ற சொல்லைச் சேர்த்தால் லிங்கர் பிழை மாயமாக மறைந்துவிடும். கோப்பு மட்டத்தில் ஸ்டேட்டிக் என்றால் 'இந்தப் பெயர் இந்தக் கோப்புக்கு வெளியே தெரிய வேண்டாம்' என்று பொருள். விளைவு: மூன்று கோப்புகளுக்கும் மூன்று தனி 'வேகம்'. சென்சார் கோப்பு தன் வேகத்தை 60 ஆக்கும். மானிக் கோப்பு தன் வேகத்தைப் பார்த்துச் சுழியம் காட்டும். பிழைச் செய்தி இருந்தவரை நிரல் ஓடவில்லை என்றாவது தெரிந்தது. இப்போது ஓடுகிறது, பொய் சொல்லிக்கொண்டு. இதே ஸ்டேட்டிக் ஒரு செயற்கூறுக்குள் வந்தால் அதன் வேலை வேறு: பெயரின் எல்லையை மாற்றாமல், மாறியின் ஆயுளை நிரல் முடியும்வரை நீட்டுகிறது. வரையெல்லையும் ஆயுளும் இரண்டு தனி விஷயங்கள் என்பதைச் சி மொழி ஒரே சொல்லால் குழப்பிவைத்திருப்பது அதன் வடிவமைப்பில் உள்ள குறை என்றே சொல்ல வேண்டும்.

லிங்கர் நிலைப் பிழைகளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கிய பிறகு, யூனிக்ஸ் உலகில் ஒரு தாராள வழக்கம் நிலவியது: மதிப்பு தராத ஒரே பெயர் குளோபல் மாறி பல கோப்புகளில் இருந்தால், லிங்கர் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளும். ஃபோர்ட்ரானின் காமன் தொகுதியிலிருந்து வந்த வழக்கம் என்பதால் அதற்குக் காமன் என்றே பெயர். ஒரு கோப்பில் ஷார்ட், இன்னொன்றில் இன்ட் என்று வகை மாறி இருந்தாலும், பெரிய அளவை எடுத்துக்கொண்டு லிங்கர் பேசாமல் இணைத்துவிடும். 2020 மே மாதம் வந்த ஜிசிசி 10 இந்தத் தாராளத்தை இயல்பு நிலையிலிருந்து எடுத்துவிட்டது. பல்லாண்டு ஓடிய நிரல்கள் ஒரே நாளில் 'பல வரையறைகள்' என்று நின்றன. லினக்ஸ் கருவின் மூலநிரலே தப்பவில்லை. அதில் வன்பொருள் விவரக் கோப்புகளை மொழிபெயர்க்கும் டிடிசி என்ற சிறு கருவியில், சொற்களைப் பிரிக்கும் கோப்பிலும் இலக்கணம் பார்க்கும் கோப்பிலும் ஒய்ஒய்லாக் என்ற ஒரே பெயர் மாறி வரையறுக்கப்பட்டிருந்தது. புதிய கம்பைலர் வெளியாகும் முன்பே, 2020 ஜனவரியில், தேவையற்ற அந்த ஒரு வரியை நீக்கித் திருத்தினார்கள். பழைய கரு மூலங்களைப் புதிய ஜிசிசியில் தொகுப்பவர்கள் பிறகும் இதே செய்தியில் முட்டிக்கொண்டார்கள். கிளாங் கம்பைலரும் தன் 11ஆம் பதிப்பில் அதே வழிக்கு வந்தது. பழைய நிரலைத் தற்காலிகமாக ஓட்ட எஃப்-காமன் என்ற தெரிவைப் போட்டுப் பழைய தாராளத்தைத் திரும்பப் பெறலாம். அந்தத் தெரிவை மேக்ஃபைலில் நிரந்தரமாக எழுதிவைப்பது கடனைத் தள்ளிப்போடுவதுதான்.

எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். என்எம் என்ற கட்டளை, மொழிபெயர்த்த ஒவ்வொரு கோப்பிலும் உள்ள பெயர்களை ஓர் எழுத்தோடு பட்டியலிடும். மதிப்போடு வரையறுத்த மாறிக்கு டி, சுழியமாகத் தொடங்கும் மாறிக்கு பி, பழைய காமன் மாறிக்கு சி, வெளியிலிருந்து எதிர்பார்ப்பதற்கு யு. ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருந்தால் எல்லாக் கோப்புக்கும் தெரியும் பெயர். சிறிய எழுத்தாக இருந்தால் ஸ்டேட்டிக். மேலே சொன்ன மூன்று 'வேகம்' சிக்கலில், மூன்று கோப்பிலும் சிறிய பி என்று வருவதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

வாகன மென்பொருளில் இவை எல்லாம் விதிகளாகவே எழுதிவைக்கப்பட்டுள்ளன. பிரிட்டனில் மோட்டார் தொழில்துறை சேர்ந்து உருவாக்கிய மிஸ்ரா அமைப்பு, சி மொழிக்கான தன் முதல் வழிகாட்டியை 1998இல் வெளியிட்டது. 2012 பதிப்பின் 5.3ஆம் விதி, உள் எல்லையில் உள்ள பெயர் வெளி எல்லையில் உள்ள பெயரை மறைக்கக் கூடாது என்கிறது. சி அனுமதித்ததை மிஸ்ரா தடுக்கிறது. 8.5, வெளியே தெரியும் மாறி ஒரே ஒரு கோப்பில் ஒரே முறை அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது, அதாவது ஹெடரில். 8.6, அதற்குச் சரியாக ஒரு வரையறை இருக்க வேண்டும் என்கிறது. ஒரே செயற்கூறு மட்டும் பயன்படுத்தும் மாறி அந்தச் செயற்கூறுக்குள்ளேயே இருப்பது நல்லது என்பது 8.9இன் அறிவுரை. வாகன நிறுவனத்துக்கு மென்பொருள் கொடுப்பவர்கள் இந்த விதிகளைச் சோதிக்கும் கருவிகளின் அறிக்கையையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கல்லூரியில் மதிப்பெண் குறைக்காத பழக்கங்கள் இந்த அறிக்கையில் சிவப்பாக நிற்கும்.

குளோபல் மாறிகள் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பது ஒரு நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2007இல், கட்டுப்பாடின்றி வேகமெடுத்ததாகச் சொல்லப்பட்ட 2005 டொயோட்டா கேம்ரி கார் விபத்துக்குள்ளாகி ஒருவர் இறந்தார். 2013 அக்டோபரில் நடந்த வழக்கில், வாதிகள் தரப்பில் மைக்கேல் பார், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் கூப்மன் ஆகிய நிபுணர்கள் டொயோட்டாவின் இன்ஜின் கட்டுப்பாட்டு மென்பொருள் பற்றிச் சாட்சியம் அளித்தார்கள். அதில் சுமார் 10,000 குளோபல் மாறிகள் இருந்தன என்பது அந்தச் சாட்சியத்தின் பேசப்பட்ட பகுதி. 2011இல் நாசா செய்த ஆய்வு மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றிருந்தது. ஜூரி வாதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விபத்துக்கு ஏதாவது ஒரு மாறிதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் பத்தாயிரம் பெயர்களை எந்தச் செயற்கூறும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நிலையில், ஒரு மதிப்பு எங்கே கெட்டது என்று தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த வழக்கு பொதுவெளியில் காட்டியது.

கட்டுப்பாட்டுக் கணினிகளில் குளோபலை முற்றிலும் தவிர்க்கவும் முடியாது. சக்கரம் ஒரு பல் சுற்றியதும் இயங்கும் இடைமறிப்புச் செயற்கூறுக்கு அளபுருவும் கிடையாது, திருப்பித் தரும் மதிப்பும் கிடையாது. தன் கணக்கை எங்காவது வெளியில்தான் வைக்க வேண்டும். இங்கே ஸ்டேட்டிக் தன் உண்மையான வேலையைச் செய்கிறது. சக்கரத்தைக் கவனிக்கும் கோப்பின் உச்சியில், ஹெடரில் அல்ல, 'ஸ்டேட்டிக் வோலட்டைல் இன்ட் துடிப்பு;' என்று மாறி. ஹெடரில் மாறியே இல்லை; 'இன்ட் வேகம்_என்ன(வாய்ட்);' என்ற ஒரு செயற்கூறின் அறிவிப்பு மட்டும். மற்றக் கோப்புகள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், மாற்ற முடியாது. மாறி ஒரு கோப்புக்குள் அடங்கிவிட்டதால் மறுவரையறைக்கும் இடமில்லை. இன்னொரு கோப்பில் 'துடிப்பு' என்று வேறொன்று இருந்தாலும் மோதாது. மேலே தவறான திருத்தமாக நின்ற அதே சொல் இங்கே சரியாகப் பொருந்துவதற்குக் காரணம், இந்த மாறியின் உரிமையாளர் யார் என்று முதலில் முடிவு செய்யப்பட்டதுதான்.

இதைத் தமிழில் கேட்டுக் கற்க விரும்புபவர்களுக்கு, பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் முயற்சியில் மும்பை ஐஐடியில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் சி, சி++ பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சுமார் பத்து நிமிடக் காணொளிகள். மாறியின் வரையெல்லைக்கும் அவற்றில் ஒரு பாடம் உண்டு. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று செல்வதால், சி மொழியின் கோப்புகளுக்கு இடையேயான சிக்கல்களைப் பெரும்பாலான மாணவர்கள் கல்லூரிக்கு வந்த பிறகே சந்திக்கிறார்கள்.

2024இல் வெளியான சி23 தரம் சில விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. ஒரே எல்லைக்குள் ஒரே ஸ்ட்ரக்டை அச்சு அசலாக இரண்டு முறை வரையறுத்தால் இனி பிழையில்லை. கேஸ் சீட்டுக்கு அடுத்த வரியிலேயே மாறியை அறிவிக்கவும் அனுமதி உண்டு. மாறிகளுக்கான விதி மாறவில்லை. வாகனத் தொழிலில் ஒரு மாடல் விற்பனையில் இருக்கும்வரை அதன் கம்பைலரையும் மாற்றாமல் வைத்திருப்பது வழக்கம் என்பதால், காமன் காலத்து நிரல்கள் பழைய கம்பைலரில் இன்னும் நிம்மதியாக ஓடுகின்றன. அவற்றைப் புதிய மாடலுக்காக ஜிசிசி 10க்குப் பிந்தைய பதிப்புக்கு நகர்த்தும்போது, லிங்கர் அடுக்கும் 'பல வரையறை' செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த மாறியை எந்தக் கோப்பு எழுதுகிறது, எவை படிக்க மட்டும் செய்கின்றன, எல்லாவற்றிலும் வகை ஒன்றா என்று பார்க்க வேண்டும். எழுதும் கோப்பில் வரையறை நிற்கும், ஹெடரில் எக்ஸ்டர்ன் சேரும், மீதி வரிகள் நீங்கும். இரண்டு கோப்புகள் எழுதுவதாகத் தெரிந்தால், அவை ஒரே பெயரில் இருந்த இரண்டு வெவ்வேறு மாறிகளா என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் எந்த வரியையும் தொட வேண்டும்.